மறுநாளும் நினைவிருக்கும் பெயர்

மே 6

சின்னவனுக்கு அக்காவின் அன்பு.

நானும் மாமாவும் இங்கே சுகம். நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்க்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். போனில் நாம் இரண்டு பேருமே எப்போதும் நல்லாத்தான் இருக்கிறோம். உண்மையைச் சொல்ல எனக்குக் காகிதம்தான் வேண்டியிருக்கிறது.

வேலையை விட்டுவிட்டேன். பதறாதே, சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. சோப்புக்கும் சுவர் பெயிண்டுக்கும் விளம்பர வரி எழுதி எழுதி, ஒரு காலையில் மேஜை முன்னால் உட்கார்ந்தபோது 'பளிச்' என்ற வார்த்தையைத் தவிர வேறு எதுவும் கைக்கு வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அதே விளம்பரக் கம்பெனியில் என்னோடு இருந்த டிசைனரும் விலகிவிட்டான். எதை வரைந்தாலும் ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிடுவான் என்பதால் ஆபீசில் அவனுக்குச் சதுரம் என்று பெயர். இரண்டு பேரும் சேர்ந்து, தேர்தலில் நிற்கிறவர்களுக்கு விளம்பரம் செய்யும் நிறுவனம் ஒன்று தொடங்குகிறோம். போஸ்டர், நோட்டீஸ், மேடையில் பேச வேண்டிய பேச்சு, போனில் ஓடும் வீடியோ, எல்லாமே. நகரசபைத் தேர்தல் செப்டம்பரில் வருகிறது.

இந்த இடத்தில் நீ கடிதத்தை மடித்திருப்பாய். தயவுசெய்து திரும்பப் பிரி. உன்னை எதிலும் இழுக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒரு பெயர் மட்டும்.

மாடியில் ஒரு அறை பிடித்திருக்கிறோம். கீழே தையல் கடை. முன்பு இங்கே பல் டாக்டர் இருந்தார். அவர் போர்டைக் கழற்றிவிட்டு எங்கள் போர்டை மாட்டலாம் என்றால் எங்களுக்குப் பெயரே இல்லை. அதனால் இன்னும் அவர் பெயர்தான் தொங்குகிறது. நேற்று ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"டாக்டர் இல்லியா?"

"அவர் காலி பண்ணிட்டார். இது இப்ப வேற ஆபீஸ்."

"என்ன ஆபீஸ்?"

"இன்னும் பேர் வைக்கல."

வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். "எனக்குப் பல்லு வலி. உங்களுக்கு என்னம்மா வலி?"

நான் பெயர்களைச் சோதித்துப் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. பேச்சுவாக்கில் ஒருவரிடம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் போய், "நேத்து ஒரு பேர் சொன்னேனே, என்ன அது?" என்று கேட்க வேண்டும். வாயில் வந்தால் பெயர் பிழைத்தது. வராவிட்டால் குப்பை. தையல்காரரிடமும், மாமாவிடமும், தெருமுனை மருந்துக்கடைக்காரம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த அம்மாதான் இந்த முறை நம் வார்டில் நிற்கப் போகிறவர். எங்களிடம் வேலையைக் கொடுக்க அவருக்கு மனசு இருக்கிறது. ஆனால், "பேரே இல்லாத கம்பெனிகிட்ட என் பேரை எப்படிம்மா குடுக்கிறது? முதல்ல அதை வச்சுட்டு வா" என்கிறார். சதுரம் தினமும் ஒரு தடவை "என்னாச்சு மேடம்?" என்று கேட்கிறான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சின்ன வயதில் தெருவில் எல்லோருக்கும் பெயர் வைத்தது நீதானே? கடைக் கதவைப் பாதிதான் திறப்பார் என்று அந்த மளிகைக்காரருக்கு நீ வைத்த 'அரைக்கதவு' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் மகனே அப்படித்தான் சொல்கிறான். எனக்கு ஒன்று யோசித்து எழுது. குட்டிக்கு அத்தையின் முத்தம்.

உன்
அக்கா


மே 14

அன்பான அக்காவுக்கு,

கடிதத்தை மடித்தது உண்மைதான். குட்டிதான் பிரித்து, "அப்பா, ரெண்டாவது பக்கம் இருக்கு, பாக்கல நீ" என்று நீட்டினாள். அவள் இப்போது கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் சத்தமாகப் படிக்கிறாள். மாத்திரை அட்டை, கடைப் போர்டு, பஸ்ஸின் முதுகு, எதுவும் தப்புவதில்லை. உன் கடிதத்தை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.

வேலையை விட்டதற்கு வாழ்த்துச் சொல்வதா, வருத்தப்படுவதா தெரியவில்லை. மாமா என்ன சொல்கிறார்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கண்ணாடியைத் துடைத்திருப்பார்.

பெயர் கேட்டாயே, இதோ பிடி. "அப்புறம் பார்க்கலாம்." தேர்தல் முடிந்ததும் எல்லோரும் சொல்வது அதுதான், முன்கூட்டியே போர்டில் போட்டுவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். பிடிக்கவில்லையா? "கும்பிடு அண்ட் கோ." அதுவும் வேண்டாமென்றால் பல் டாக்டர் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வைப்பதுதானே உங்கள் தொழிலும்.

என் பாடு வழக்கம்போல. லிஃப்ட் நின்றால் கூப்பிடுகிறார்கள், ஓடும்போது யாருக்கும் என் ஞாபகம் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. போன வாரம் ஒரு வக்கீல் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்தபடியே கட்டடச் சொந்தக்காரர், லிஃப்ட் கம்பெனி, நான், மின்சார வாரியம் எல்லோர் மேலும் வழக்குப் போட்டார். கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அக்கா, ஒரு பெயரை ஜனங்கள் மனசில் நிறுத்தக் கம்பெனி தொடங்குகிறாய். நல்லது. மறக்கடிக்கிற கம்பெனி ஒன்றை யாராவது தொடங்கினால் சொல்லு. முதல் வாடிக்கையாளர் நான்.

குட்டியின் அம்மா உனக்கு ஒரு பை தைத்து வைத்திருக்கிறாள். ஆபீசுக்குக் கொண்டுபோக.

சின்னவன்


மே 27

அன்புத் தம்பிக்கு,

உன் பெயர்களைப் படித்து மாமா சத்தமாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

சோதனை முடிந்தது. 'முதல் வரிசை' என்று சொன்னது மாமாவுக்குச் சினிமா கொட்டகையாக நினைவிருக்கிறது. 'வெற்றிப்படி' என்றதைத் தையல்காரர் டியூஷன் சென்டர் என்கிறார். 'மக்கள் பக்கம்' யாருக்குமே நினைவில்லை. எனக்கு மிகவும் பிடித்த 'நேர்ப்பேச்சு'வை மருந்துக்கடைக்காரம்மாவிடம் கேட்கப் போனேன். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஏதோ பேச்சுன்னு சொன்னியே. பேச்சுப் போட்டியா?"

"இல்லம்மா, கம்பெனி பேரு."

"இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுறே? உன் தம்பி நின்னானே, 'இதோ வந்துட்டேன்'! எத்தனை வருஷம் ஆச்சு! என் பேரன் அப்ப பொறக்கவே இல்ல, அவன்கூடக் கதவைத் தொறந்துட்டு உள்ள வரும்போது கையைத் தூக்கி அப்படிச் சொல்றான். அந்தத் தேர்தல்ல ஜெயிச்சது யாருன்னு கேளு, நான் யோசிக்கணும்."

சதுரம் என் பக்கத்தில்தான் நின்றான். அறைக்குள் வந்ததும் மேஜையைத் தட்டினான்.

"மேடம், பேர் கெடைச்சாச்சு."

"அது என் தம்பியைக் கிண்டல் பண்ற பேரு."

"நாம தேடுறது என்ன? மறக்காத பேரு. ஊரே சும்மா ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்கு. கிண்டலை நாமளே வாங்கி வாசல்ல மாட்டிட்டா அப்புறம் யாரு கிண்டல் பண்ணுவா?"

சின்னவனே, இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதே இல்லை. எழுதாமல் தாண்டிப் போகப் போக அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. நீ நின்றபோது உனக்கு வரி எழுதிக் கொடுத்தவள் நான். 'ஒரு குரல் கொடுங்க, இதோ வந்துட்டேன்.' தெருவுக்குத் தெரு அதை ஒட்டினோம், குழந்தைகள் பாடினார்கள். கடைசிக் கூட்டத்தன்று உன் வண்டி வழியில் நின்றுபோனது. மேடையில் இருந்தவர் மத்தியானத்திலிருந்து "இதோ வந்துக்கிட்டே இருக்கார்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். ஜனம் கலைந்துவிட்டது. நீ வந்து சேர்ந்தபோது மைதானத்தில் யாரும் இல்லை. நீ மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, கையைத் தூக்கி, அந்த வரியைச் சொன்னாய். எவனோ அதை வீடியோ எடுத்து ஊர் முழுக்கப் பரப்பினான். அதற்குப் பிறகு நீ கடைக்குப் போக முடியவில்லை, பஸ் ஏற முடியவில்லை. ஊரை விட்டே போனாய்.

அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஆயிரம் வரிகளில் ஜனங்கள் வாயில் நின்றது அது ஒன்றுதான். அது என் வரி. நல்ல வரி. அன்றைக்கு வண்டி ஓடியிருந்தால் அது உன்னை ஜெயிக்க வைத்திருக்கும். அதை நல்லபடியாக ஊர்வாயில் திரும்ப வைத்துவிட்டால் உனக்கும் அது கழுவிப்போகாதா?

நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது. நீ சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன்.

அக்கா


ஜூன் 10

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மாடிப்படியில் காலடி கேட்கிறபோதெல்லாம் தபால்காரர் என்று எழுந்து போகிறேன். பல் வலிக்காரர்களாக இருக்கிறார்கள்.

ஒன்றை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று கம்பெனிகளைப் பதிகிற அலுவலகத்துக்குப் போனோம். தேர்தலுக்கு முன்னால் பதிவாகாவிட்டால் யாருக்கும் வேலை செய்ய முடியாது. விண்ணப்பத்தில் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் தள்ளினாள்.

"பேர் இல்லாம வாங்க மாட்டோம் மேடம்."

"ஒரு வாரத்துல சொல்றேனே."

"இப்ப ஏதாவது எழுதுங்க. மாசக் கடைசி வரைக்கும் மாத்திக்கலாம். எழுதிட்டா அந்தப் பேரை வேற யாரும் எடுக்க முடியாது, அது உங்களுக்கே."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. சதுரம் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மேடம், தற்காலிகமாத்தானே" என்றான். எழுதிவிட்டேன். என் வரியை. கவுண்டர் பெண் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "ஐயோ, இது அந்த ஆளு இல்ல?" என்று சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் மறுநாளும் நினைவில் வைத்திருப்பாள் என்றும் அதே நொடியில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். ஆனால் தோன்றியது.

மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவன் வேணாம்னு சொன்னா விட்டுருவியா?" நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

நான் மனசுக்குள் உன் குரலில் பதில் எழுதிப் பார்க்கிறேன். சில நேரம் நீ "போட்டுத் தாக்கு அக்கா" என்கிறாய். சில நேரம் ஒன்றுமே சொல்லாமல் என்னையே பார்க்கிறாய். இரண்டும் நானே எழுதியவை. நீ எழுது.

அக்கா


ஜூன் 16

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் மெக்கானிக் முதலில் செய்ய வேண்டியது சத்தம் கொடுப்பது. கதவைத் திறக்க நேரமாகும், அதுவரை உள்ளே இருப்பவர் பயந்து எதையாவது அழுத்திவிடக் கூடாது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "இதோ வந்துட்டேன்." வேறு என்ன சொல்ல முடியும்? நான் மட்டும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு சின்னப் பெண் தனியாக மாட்டிக்கொண்டாள், குட்டி வயசுதான். "அங்கிள், வர்றீங்களா? வர்றீங்களா?" என்று கத்துகிறாள். என் வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்றேன். "அப்படின்னா ஏன் தொறக்க மாட்டேங்கிறீங்க?" என்று அழுதாள்.

இந்த ஊரிலும் ஒருவன் என்னைக் கண்டுபிடித்தான். ஒரு அடுக்குமாடியில் புதிதாகக் குடி வந்தவன். "சார், நீங்க அந்த..." என்று கையைத் தூக்கினான். நான் இல்லை என்றேன். அந்தக் கட்டடத்தையே வேறு மெக்கானிக்கிடம் மாற்றிக்கொண்டேன். அது நல்ல கட்டடம். பழுதே வராது.

குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் தேடிப் பார்க்கிறாள். என் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. அந்த வரியைப் போட்டால் நான் வருவேன். இப்போது அந்த வரி அடியில் எங்கேயோ கிடக்கிறது. நாளைக்கு உன் போஸ்டர்களின் அடியில் எல்லாம் அது இருந்தால் ஆயிரம் பேர் தேடுவார்கள். முதலில் வருவது என் முகமாக இருக்கும். அவளுக்கு நான் லிஃப்டைப் பறக்க வைக்கிற அப்பா. இன்னும் கொஞ்ச வருடம் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேனே.

வரி உன்னுடையது என்கிறாய். சரி. முகம் என்னுடையது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உனக்கு இது எவ்வளவு வேண்டும் என்று தெரிகிறது. ஒரு விஷயத்தைப் பற்றி இத்தனை பக்கம் நீ எனக்கு எழுதியதே இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு சொல்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. அந்தப் பெயரை எடுத்துக்கொள். எடுத்துக்கொண்டால் என்னை விட்டுவிடு. உனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. இங்கே எழுதாதே, வராதே. குட்டியிடம் அத்தைக்கு வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் கேட்பாள். அப்புறம் நிறுத்திவிடுவாள். குழந்தைகளுக்கு மறப்பது சுலபம்.

இரண்டில் எதுவானாலும் சரி. ஆனால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

சின்னவன்


ஜூன் 28

என் சின்னவனுக்கு,

நாலு நாளைக்கு முன்னால் அந்த அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். மாற்றச் சொன்னேன். "எதுக்கு மேடம்? சூப்பர் பேராச்சே!" என்றாள் அதே பெண். வேறு எதுவும் வாயில் வரவில்லை, 'நேர்ப்பேச்சு' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் தட்டச்சு செய்வதற்குள் இரண்டு தடவை "என்ன பேச்சு?" என்று கேட்டாள்.

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஒரு முழு நாள் எடுத்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

சதுரத்திடம் சொன்னபோது அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உங்க தம்பிக்குப் புடிக்கலைன்னு நம்ம கம்பெனியைக் கொன்னுட்டீங்க."

"கொல்லல. வேற பேரு வச்சிருக்கேன்."

"அந்தப் பேரை இப்ப நான் மறந்துட்டேன் மேடம். நீங்க சொல்லி இன்னும் ஒரு டீ குடிக்கல."

அவன் தன் பென்சில் டப்பாவையும் மேஜை விளக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாசலில் திரும்பி, "அந்த வரி உங்களதும் இல்ல, உங்க தம்பியோடதும் இல்ல. ஊரோடது" என்றான். அது ஏதோ கோபத்தில் சொன்னது என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் தனி ஆள். புதுப் போர்டு மாட்டியாயிற்று. தையல்காரர் கீழே இருந்து அண்ணாந்து பார்த்து, "எழுத்து நல்லா இருக்குக்கா" என்றார். எழுத்தைப் பற்றி மட்டும். பயமாக இருக்கிறது. ஆனால் உனக்கு எழுதலாம் என்பது இருக்கிறது.

பதில் போடு.

அக்கா


ஜூலை 18

தம்பி,

நீ இன்னும் எழுதவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பிறகு எழுதாமலே இருந்துவிடுவாயோ என்று தோன்றுகிறது. வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஜன்னலுக்கு எதிரே சதுரம் கடை போட்டிருக்கிறான். போர்டு பெரிசு. சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து. 'இதோ வந்துட்டேன்'.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் என்னால்தான். நான் பெயரை மாற்றிய அன்றே அது சும்மா கிடக்கும் பெயராகிவிட்டது. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் எழுதி வாங்கியிருக்கிறான். விண்ணப்பத்தில் அது என் பெயரிலேயே இருந்திருந்தால், நானும் பயன்படுத்தாமல், வேறு யாரும் தொட முடியாமல், அதைப் பூட்டி வைத்திருக்கலாம். இன்னொரு விண்ணப்பம் போட்டு வேறு பெயர் வாங்கியிருந்தால் முடிந்தது. கவுண்டரில் அந்தப் பெண் அத்தனை தெளிவாகச் சொன்னாள், "வேற யாரும் எடுக்க முடியாது" என்று. என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. உன்னிடம் "விட்டுவிட்டேன்" என்று எழுத வேண்டும் என்ற அவசரம்தான் இருந்தது. நல்லவளாக இருக்கிற அவசரம்.

மருந்துக்கடைக்காரம்மாவும் அங்கே போய்விட்டார். அதை அவரே வந்து சொன்னார்.

"கோவிச்சுக்காதேம்மா. போஸ்டர் அடியில அந்தப் பேரு இருந்தா நாலு பேர் நின்னு படிக்கிறாங்க. நின்னா என் மூஞ்சியையும் பாப்பாங்கல்ல?"

"சரிம்மா."

"உன் கம்பெனிப் பேரும் நல்ல பேருதான். என்ன அது?"

அவர் போன பிறகு நான் கொஞ்ச நேரம் சிரித்தேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்புறம்தான் இது உனக்குச் சொல்லக்கூடிய விஷயமா என்று தோன்றியது.

கெட்ட செய்தி இன்னும் முடியவில்லை. உன் ஊரிலும் அவனுக்கு ஒரு வேட்பாளர் கிடைத்திருக்கிறார். பஸ்களின் முதுகில் விளம்பரம் போகிறதாம், அடுத்த வாரத்திலிருந்து. எப்படித் தடுப்பது என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். அவர் வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, "கஷ்டம்" என்றார்.

பெயரை விட்டேன், உன்னை வைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். இப்போது இரண்டும் என் கையில் இல்லை போலிருக்கிறது. நீ திட்டியாவது எழுது.

அக்கா


ஜூலை 30

அன்பு அக்காவுக்கு,

உன் ஜூன் கடிதம் வந்தபோதே எழுதியிருக்க வேண்டும். நன்றி என்று எழுதினால் வெளியாள் மாதிரி இருந்தது, எழுதாவிட்டால் திமிர் மாதிரி இருந்தது. அப்படியே நாள் போய்விட்டது. அதற்குள் உன் அடுத்த கடிதமும் பஸ்ஸும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன.

திங்கட்கிழமை குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட நடந்துகொண்டிருந்தேன். சிக்னலில் எங்கள் முன்னால் ஒரு பஸ் நின்றது. யாரோ ஒருவரின் சிரித்த முகம், அடியில் சிவப்புக் கட்டம். நான் பார்ப்பதற்கு முன்னால் அவள் படித்துவிட்டாள். வழக்கம்போல் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்.

"இதோ வந்துட்டேன்! அப்பா, யாருப்பா வந்துட்டாங்க?"

என் கை வேர்த்து அவள் விரல் வழுக்கியது. சிக்னல் மாறினால் போதும், பஸ் போய்விடும், வேறு எதையாவது படிப்பாள் என்று நினைத்தேன். மாறவில்லை.

"நான்தான்" என்றேன்.

அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மூடிய கடை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவையும் நானே தேடிக் காட்டினேன். வேறு யாராவது காட்டுவதைவிட அது மேல் என்று பட்டது. இத்தனை வருடத்தில் நானே அதை முழுசாகப் பார்த்தது இல்லை, அக்கா. ரொம்பச் சின்ன வீடியோ. எனக்கு எவ்வளவு முடி இருந்திருக்கிறது!

அவள் சிரிக்கவில்லை. விசாரணைதான் நடந்தது.

"நீ லேட்டா?"

"ஆமா."

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"அப்ப ஏன் மைக்ல பேசினே?"

"வர்றேன்னு சொல்லியிருந்தேன். வந்ததைச் சொல்லணும்ல?"

"இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும்பா. வெளியே போனவங்களுக்குக் கேக்கல" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

நீ பூட்டி வைத்திருக்கலாம் என்று எழுதியிருந்தாய். வைத்திருக்கலாம். நான் கேட்ட நாளில் நீ அதை விட்டாய். அப்புறம் அது யார் கைக்குப் போனது என்பதற்கு நீ பொறுப்பில்லை. எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பஸ் மேல் வந்தது, சதுரம் மேல் வந்தது. உன்மேல் வருமென்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.

ஆனால் நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைக்காதே. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அவள் வகுப்பில் சொல்லிவிடுவாளே, சொன்னால் சிரிப்பார்களே, அழுதுகொண்டு வருவாளே என்று ஒரே உதறல். பள்ளி விடுவதற்கு ரொம்ப முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். வந்தாள். முகம் உம்மென்று இருந்தது.

"என்னம்மா, சிரிச்சாங்களா?"

"இல்ல. நம்பவே மாட்டேங்கிறாங்க. பஸ்ல போட்டிருக்கிறது உங்க அப்பாவான்னு கேக்குறாங்க. புளுகுறேனாம்."

டீச்சரிடம் போய் முறையிட்டிருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பிள்ளைகளிடம் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிற நாளாம். என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். லிஃப்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அது வேண்டாமாம், எல்லாரும் லிஃப்டைப் பார்த்திருக்கிறார்களாம். கையைத் தூக்கி அந்த வரியைச் சொல்லிக்கொண்டே வகுப்புக்குள் நுழைய வேண்டுமாம். சத்தமாக.

முடியாது என்று இதுவரை சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் உன் பதில் வந்துவிடும் என்று நினைக்கிறேன். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போகட்டும் அக்கா? என்னிடம் இருப்பது வேலைக்குப் போகிற நீலமும், கல்யாணத்துக்குப் போகிற வெள்ளையும்தான்.

சின்னவன்